எழுபது கிலோ மச்சான்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஓரி விழாவுக்குக் கொல்லிமலை ஏறும் வண்டிகள் விடிந்ததிலிருந்து காரவள்ளியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் துணை மின் நிலையத்தின் கேட்டை மறித்து இரண்டு வேன்கள். இந்தக் கூட்டத்துக்குள் சோதனை வண்டி எங்கே வரப்போகிறது? தெரிந்தும் கேட்டை ஒட்டிய குவார்ட்டர்ஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை.

நான் காத்திருப்பது சஹ்யா மோட்டார்ஸின் ட்ரெக் 440-க்கு. மலையோ மண்பாதையோ நெடுஞ்சாலையோ, எதுவானாலும் போகும் என்று சொல்லப்படும் உயரமான மோட்டார் சைக்கிள். மூன்று வருடமாக வரப்போகிறது, வரப்போகிறது என்கிறார்கள். வாட்ஸப்பில் '440 காத்திருப்போர் சங்கம்' என்று ஒரு குழு இருக்கிறது. இன்னும் பிறக்காத வண்டிக்கு எந்த டயர் நல்லது என்று சண்டை போட்டு இரண்டு பேர் போன வாரம் குழுவை விட்டே போய்விட்டார்கள். அட்மின் ஜெபசிங், நாகர்கோவில்காரர், அவர்களைத் திரும்ப அழைத்து வரப் பாடுபடுகிறார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் குழுதான் இப்போது ஊர், உறவு எல்லாம்.

வண்டியைக் கொல்லிமலை வளைவுகளில்தான் சோதிக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்தச் சாலை என் கேட்டுக்கு முன்னால்தான் ஏற ஆரம்பிக்கிறது.

என் மனைவி பூங்கோதைக்கு ஈரோடு பள்ளிக்கு மாறுதல் கிடைத்து ஜூனில் போனாள். தன் அக்கா வீட்டு மாடியில் தங்கியிருக்கிறாள். தற்காலிகம்தான். நானும் அந்தப் பக்கம் மாறுதல் கேட்டு மனு கொடுக்க வேண்டும். கொடுக்கலாம். முதலில் வண்டி வரட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

சாதம் குழைந்துவிட்டது. போன வாரம் வந்தபோது குக்கரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தற்காலிகமாக இருக்கப் போகிறவளுக்குக் குக்கர் எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வந்துவிட்டது.

காலை ஷிப்டுக்கு வந்து மீட்டர்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். கேட்டுப் பக்கம் ஒரு சத்தம், புல்லட்டும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. எட்டிப் பார்த்தால் முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழி போட்ட தாளை ஒட்டிக்கொண்டு ஒரு வண்டி. வடிவம் யாருக்கும் பிடிபடக் கூடாது என்றுதான் அப்படி ஒட்டுவார்கள். பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிய ஒரு வெள்ளைச் சாக்கு மூட்டை.

ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "அண்ணா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்றான். முப்பது வயதிருக்கும். பெயர் மாதேஷ், தேன்கனிக்கோட்டை. தண்ணீரைக் கொடுக்கும்போது என் கண் வண்டியை விட்டு நகராததை அவன் பார்த்துவிட்டான்.

"தெரியுமாண்ணா இது என்னா வண்டின்னு?"

"தெரியும்" என்றேன்.

அவன் சிரித்தான். "போட்டோ மட்டும் வேணாம்ணா. என் வேலை போயிரும்."

மாட்டேன் என்று சொன்னேன். சாமி சத்தியமாக என்றுகூடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை நாள். எனக்கு ஷிப்ட். அவன் வரவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

இப்போது வாரத்தில் மூன்று நான்கு நாள் வருகிறான். மலை ஏறுவதற்கு முன்னால் எங்கள் புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி டயர் காற்றைப் பார்ப்பான். கூட்டம் சேராத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களாம். அந்த வகையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நான் டீ போட்டுக் கொடுக்கிறேன். பாதி டம்ளர் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்கிறான்.

அந்தச் சாக்கு மூட்டை மணல். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டி எப்படிப் போகும் என்று பார்ப்பதற்காக எழுபது கிலோ. "எங்க டீம்ல இதுக்குப் பேரு மச்சான். வாய் பேச மாட்டான். பிரேக் அடிச்சா மேல வந்து சாய மாட்டான். இந்த மாதிரி மச்சான் யாருக்குண்ணா கிடைப்பான்?"

பின்சக்கரத்துக்கு மேலே ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் பல் வைத்த வளையம். ஸ்பேனரால் திருகினால் ஸ்பிரிங் இறுகும். ஒருவர் போனால் ஒன்றாம் பல், இருவர் என்றால் நான்காம் பல். "நாலுல வெச்சிட்டுத் தனியா ஓட்டினா காலி சீட்டு குதிக்கும்ணா. முதுகுல கை வெச்சுத் தள்ற மாதிரி இருக்கும்."

என் பெயரைக் கேட்டான். அர்த்தநாரி என்றேன்.

"பேருலயே பாதி பொண்டாட்டிய வெச்சிருக்கீங்க. வீட்ல யாரையும் காணோமேண்ணா?"

ஈரோட்டில் வேலை, வந்துவிடுவாள் என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூங்கோதை பேசினாள். அக்கா பையனுக்குக் காய்ச்சல், பள்ளியில் தேர்வு வேலை. கடைசியில், "மனு குடுத்துட்டீங்களா?" என்றாள்.

"அடுத்த மாசம்" என்றேன். வண்டி இப்போது வாரத்தில் நாலு நாள் வருகிற கதையை ஆரம்பித்தேன். வளையம், பல், மணல் மூட்டை எல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் 'ம்' சத்தம் நின்று நேரமாகியிருந்தது. ஹலோ என்றேன். "கேட்டுட்டுத்தானுங்க இருக்கேன்" என்றாள்.

ஆசிரியை அல்லவா, பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்கிற பொறுமை.

செப்டம்பர் 19, வெள்ளி

குழுவில் இன்று என்னைக் கிழித்துவிட்டார்கள். வண்டியின் மீட்டர் வட்டமா சதுரமா என்று வாக்குவாதம். வட்டம்தான், நான் பார்த்தேன் என்று எழுதினேன். படம் எங்கே என்றார்கள். படம் எடுக்க முடியாது என்றேன்.

ஜெபசிங் போட்டது: "காரவள்ளி அண்ணன் கரண்ட் ஆபீஸ்ல தூங்கி எந்திரிச்சிருக்காரு போல. கனவுக்குல்லாம் இங்க இடம் இல்லண்ணே." அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகளாக விழுந்துகொண்டே இருந்தன. நானும் ஒன்று போட்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

இதை எழுதாமல் தூக்கம் வராது.

இன்றைக்கு எனக்கு மாலை ஷிப்ட். காலையில் மாதேஷ் வந்து டீ குடித்தான். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்: "மச்சானுக்கு ஒருநாள் லீவு குடு. நானும் கிட்டத்தட்ட எழுபதுதான்."

மரத்தைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். "அண்ணா, வெளியாள ஏத்தினா தொலைச்சிருவாங்க" என்றான். சொல்லிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினான். நானே சமைத்துத் தின்னும் சோற்றுக்கு இப்போது அறுபத்தெட்டுதான் தேறுவேன் என்றதும், "பாக்கெட்ல ரெண்டு கல்லு போட்டுக்கங்க" என்றான். மணல் மூட்டையைத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

எழுபது வளைவு. எத்தனையோ தடவை நானே ஓட்டி ஏறிய சாலைதான். பின்னால் உட்கார்ந்து போனதில்லை. வளைவு வரும்போதெல்லாம் அவன் இடது கையைத் தாழ்த்தி, சாயுங்கள் என்று காட்டுவான். நான் சாய்வேன். நாற்பதாம் வளைவுக்கு மேல் பனி இறங்கிவிட்டது. "குளுருதாண்ணா?" என்று திரும்பாமலே கேட்டான். இல்லை என்றேன். குளிர்ந்தது. ஆனால் எனக்கு முன்னால் ஒரு மனிதனின் முதுகு இருந்தது, அதிலிருந்து சூடு வந்துகொண்டிருந்தது. மலை முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இந்த வயதில் இப்படித் தோன்றுவது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தோன்றியது.

ஒரு வளைவில் பஸ்ஸுக்காக நின்றபோது அவன் தோளுக்கு மேலாக மீட்டரை ஒரே ஒரு படம் எடுத்தேன். அவனுக்குத் தெரியாது. எனக்காக மட்டும்.

அக்டோபர் 18, சனி

பூங்கோதை தீபாவளிக்கு வரவில்லையாம். மழையாம். ஈரோட்டிலிருந்து இங்கே வர மழை தடுக்குமா? சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்குக் கை எட்டவில்லை. கடையில் வாங்கிய அதிரசத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஜன்னலில் உட்கார்ந்தேன். இன்று அவனுக்கும் லீவு.

குழுவில் எல்லோரும் குடும்பத்தோடு படம் போட்டார்கள். நான் அந்த மீட்டர் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஓடிய கிலோமீட்டரை மறைத்தேன். ஓரத்தில் தெரிந்த வளைவுப் பலகையை வெட்டினேன். அவனுடைய கையுறையில் ஒரு கிழிசல் இருக்கும், அதையும் மறைத்தேன். ஆள், இடம், நாள் எதுவும் தெரியாது. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

போட்டதும் போன் நிற்காமல் கத்தியது. தல, தெய்வமே, தீபாவளிப் பரிசு. ஜெபசிங் மன்னிப்பே கேட்டுவிட்டார். மதியம் சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

கோவைக்காரர் ஒருவர் என் படத்தின் மேல் கோடு கோடாகப் போட்டு ஆராய்ந்திருக்கிறார். கேமரா ஓட்டுபவரின் தோளுக்கு மேலே, இத்தனை உயரத்தில், இந்தச் சாய்வில் இருக்கிறது. ஆகவே எடுத்தவர் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். "கம்பெனி டெஸ்ட் வண்டில பின்னாடி ஆளா! யாரு தல நீங்க?"

எல்லாவற்றையும் மறைத்தேன். எங்கே உட்கார்ந்து எடுத்தேன் என்பதைப் படமே சொல்லும் என்று தோன்றவில்லை. சங்கத்தில் மூன்று வருடமாக மற்றவர்கள் எடுத்த படங்களை அங்குலம் அங்குலமாகப் பிரித்து மேய்ந்தவன் நான்.

படத்தை அழித்தேன். அதற்குள் அது நாலைந்து யூடியூப் சேனல்களில் ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

வரவில்லை. மழைக் காலம், சோதனையை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

நவம்பர் 5, புதன்

வண்டி வந்தது. ஓட்டி வந்தது வேறு ஆள். நிற்காமல் போகப் பார்த்தவரைக் கை காட்டி நிறுத்தினேன். மாதேஷ் எங்கே என்றேன்.

"அவன வேலைய விட்டு எடுத்துட்டாங்க. யாரோ பின்சீட்ல உக்காந்து போட்டோ எடுத்து விட்டிருக்கான். அந்த வண்டிய ஓட்டினது இவன் ஒருத்தன்தான், ரிப்போர்ட்ல எல்லா நாளும் மணல் மூட்டைன்னு எழுதியிருக்கான். மாட்டிக்கிட்டான்."

"யாரு எடுத்தது?" என்று கேட்டேன்.

நானேதான் அப்படிக் கேட்டேன். குரல்கூடப் பிசகவில்லை.

"சொல்ல மாட்டேன்னுட்டானாம்" என்றார். அவர் பின்னால் மச்சான் இறுக்கிக் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான்.

நவம்பர் 6, வியாழன்

மாதேஷுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நான் ஷிப்டில் இருந்தபோது பூங்கோதை வந்து போயிருக்கிறாள். மிக்ஸியும் போய்விட்டது. மேசையில் ஒரு பாட்டில் தக்காளித் தொக்கு. அடுத்த கட்டடத்தில்தான் இருந்தேன். எட்டிப் பார்த்திருக்கலாம். ஒருவேளை பார்த்திருப்பாள். நான் ஜன்னலுக்கு வெளியே சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

நவம்பர் 22, சனி

இன்று வண்டி வெளியீடு. சேலத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் சங்கத்தார் கூடித் திரையில் பார்த்தோம். ஜெபசிங்கை முதல்முறை நேரில் பார்த்தேன், குள்ளமான, அன்பான மனிதர். என்னைக் கட்டிப்பிடித்து, "மீட்டர் படம் போட்ட காரவள்ளி அண்ணன் இவர்தான்" என்றார். கை தட்டினார்கள்.

"எப்படிண்ணே அந்த ஆங்கிள்?" என்று ஒருவர் கேட்டார்.

"நமக்கு ஒரு ஆள் இருக்கான்" என்றேன்.

திரையில் மறைப்புத் தாளெல்லாம் இல்லாமல் பச்சை நிறத்தில் வண்டி வந்து நின்றது. ஹாலே எழுந்து விசிலடித்தது. எனக்கு அது ஏதோ தெரியாத வண்டி மாதிரி இருந்தது. முடிந்ததும் இரண்டு பேர், மூன்று பேராக டீ குடிக்கப் போனார்கள். நான் நாமக்கல் பஸ்ஸைப் பிடித்தேன். ஆனால் முன்பதிவு செய்துவிட்டுத்தான் ஏறினேன். மூன்று வருடம் காத்திருந்தவன், வேறென்ன செய்வேன்.

டிசம்பர் 25, வியாழன்

குழுவில் பேச்சே குறைந்துவிட்டது. வண்டிதான் வந்துவிட்டதே. டயருக்காகச் சண்டை போட்டவர்களில் ஒருவர் வேறு கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் குழுவுக்குப் போய்விட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

வண்டி எடுத்தாகிவிட்டது. ஷோரூமில் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். "பேமிலி வரலீங்களா சார்?" என்றாள் அந்தப் பெண். வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டேன்.

அருமையான வண்டி. அவன் சொன்னதெல்லாம் உண்மை.

ஜனவரி 18, ஞாயிறு

தேன்கனிக்கோட்டை போய் வந்தேன். அஞ்செட்டி சாலையில் அண்ணன் பஞ்சர் கடை வைத்திருப்பதாக டீ குடிக்கும்போது ஒருமுறை சொல்லியிருந்தான். கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன்.

மாதேஷ் லாரி டயர் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் புரட்டிக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தத்துக்கே தலை நிமிர்ந்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான். முகம் மாறவில்லை.

வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "நான்தான் மாதேஷ்" என்றேன். "படம் எடுத்தது."

"தெரியும்ணா. என் பின்னாடி வேற யாரு உக்காந்தாங்க?"

"ஏன் என் பேரைச் சொல்லல?"

"சொன்னா மட்டும் வேலையத் திருப்பிக் குடுப்பாங்களா?" கையைத் துடைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தான். கைப்பிடியைத் தொட்டான். செயினை விரலால் தூக்கிப் பார்த்தான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினான்.

"ஒண்ணுல கெடக்குது" என்றான். "மச்சான ஏத்தறதே இல்லியா?"

உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்தான். வளையத்தைத் திருகினான். டக், டக், டக் என்று மூன்று சத்தம். எழுந்தான்.

"நாலுல வெச்சிருக்கேன். ஆள ஏத்திக்கிட்டு ஓட்டுங்க. இல்லேன்னா இடிக்கும்."

ஒரு டீ குடிக்கலாமா என்றேன். வேலை இருக்கிறது என்றான். டயரை மறுபடி தண்ணீருக்குள் அழுத்தினான். குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். அவன் அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட வந்தார். மாதேஷ், "அவரு கெளம்பறாரு" என்றான்.

வரும் வழியெல்லாம் இடித்தது. தர்மபுரி தாண்டிய பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் காலி சீட்டு எகிறி என் முதுகில் தட்டியது. ஸ்பேனர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, ஓரமாக நிறுத்தி ஒன்றுக்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது. மாற்றவில்லை. தொப்பூர் இறக்கத்தில் அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 19, திங்கள்

காலையில் நாமக்கல் போய் ஈரோட்டுக்கு மாறுதல் கேட்டு மனு கொடுத்தேன். மேற்பார்வைப் பொறியாளர் ஆபீஸ் கிளார்க், "இப்பத்தான் ஞாபகம் வந்துதாக்கும்?" என்றார்.

சாயங்காலம் பூங்கோதைக்குப் போன் போட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள்.

"மனு குடுத்துட்டேன்" என்றேன்.

"புழுகாதீங்க."

"நெசமாத்தான்."

வண்டிக் கதை எதையும் எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்: "இப்ப உன் எடை எவ்வளவு?"

"ஏனுங்க?"

"பின்னாடி ஸ்பிரிங் இருக்குது. அதை உன் எடைக்குத் தக்கன வெக்கோணும்."

அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. எங்கள் குக்கர்தான். விசில் முடியும்போது ஒரு தும்மல் போடும், எந்த வீட்டில் கேட்டாலும் எனக்குத் தெரியும். இருங்க என்று சொல்லாமலே போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைத் தணிக்கப் போனாள். காலடிச் சத்தம் போவதைக் கேட்டேன். அது திரும்பி வருமா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். வந்தது.

"அம்பத்தெட்டு" என்றாள். "குக்கரச் சேக்காம. அது இங்கியே இருக்கட்டும்."